விரும்பிக் கேட்டவர்கள்

1952ஆம் ஆண்டு அகில இந்திய வானொலிக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு தகராறு மூண்டது. சினிமாப் பாட்டை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்லலாமா, கூடாதா என்பதில்தான் சிக்கல். படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம், பாடியவர் பெயர் போதும் என்றது வானொலி. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டு செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையில் ஊறியவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். ஏற்கெனவே நேரம் குறைக்கப்பட்டிருந்த சினிமாப் பாட்டு, அதன்பின் அரசு வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது.

ரசிகர்கள் ரேடியோவை அணைக்கவில்லை. முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டித் தென்கிழக்கு ஆசியாவிலிருந்த நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலவில் அமைக்கப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கிய இலங்கை வானொலி, இந்தியாவின் பெரும்பகுதிக்கும் கேட்டது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ அதில் தொடங்கியது. நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவுசெய்து, ஒலிநாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். இந்தியர்கள் தங்கள் பாட்டை அண்டை நாட்டு வானொலி வழியாகக் கேட்டார்கள். அரசு இதைப் புரிந்துகொண்டு விவித பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் வரை ஆனது.

ஊடக வரலாற்றாளர்கள் பலரும் இதை ஓர் அமைச்சரின் பிடிவாதம் தோற்ற கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு பாட்டைப் பொதுவில் ஒலிக்கவிடும்போது அதோடு யார் யாருடைய பெயரைச் சொல்ல வேண்டும் என்பதே அன்று நடந்த வழக்கின் சாரம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கு தீரவில்லை. பிடித்த பாட்டைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் ரசிகர்கள்தான் அதில் பெயர்களின் பக்கம் நின்று வாதாடியவர்கள்.

அந்தத் தகராறுக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் அப்படி வாதாடியிருக்கிறார்கள். 1949இல் வெளிவந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயர் காமினி என்று அச்சிடப்பட்டிருந்தது. காமினி என்பது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பின்னணிப் பாடகர் பெயரைப் போடும் வழக்கம் அப்போது நிலைபெறவில்லை. பாட்டைக் கேட்டவர்கள் யார் இந்தக் குரல் என்று வானொலிக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். வானொலி நிலையம் இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்து, லதா மங்கேஷ்கர் என்ற பெயரை அறிவித்தது. கேட்டவர்கள் கேட்டதால் வெளியே வந்த பெயர் அது.

தமிழில் இந்தக் கேட்கும் பழக்கத்தை வளர்த்தெடுத்ததில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைக்கு நிகராக எதையும் சொல்ல முடியாது. எஸ்.பி. மயில்வாகனன், அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டில் திரை நட்சத்திரங்களுக்கு இணையாக அறியப்பட்டிருந்தன. ‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்று நிகழ்ச்சிகளின் பெயர்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். ‘இசையும் கதையும்’ என்ற நிகழ்ச்சியை நான் தனியாக மதிக்கிறேன். நேயர்கள் ஒரு கதை எழுதி, அதன் திருப்பங்களுக்கு ஏற்ற சினிமாப் பாடல்களை இடையிடையே அமைத்து அனுப்புவார்கள். வேறு வேறு படங்களில், வேறு வேறு சூழல்களுக்கு எழுதப்பட்ட பாடல்கள் ஒரு நேயரின் கையில் புதிய வரிசை பெற்று, புதிய பொருள் பெற்றன. இன்று பிளேலிஸ்ட் என்று சொல்வதை, அதைவிடக் கூடுதல் உழைப்போடும் கற்பனையோடும் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

விருப்பப் பாடல் நிகழ்ச்சியின் இயக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு கேள்வி எழும். அஞ்சல் அட்டை வாங்கி, பாட்டின் பெயரை எழுதி, வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரையும் நெருக்கி எழுதி, தெருவின் பெயரையும் சேர்த்து அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருக்கிறார் ஒருவர். அவர் கேட்ட பாட்டு அப்போதைய வெற்றிப் பாட்டு. எப்படியும் அடுத்த சில நாள்களில் யாராவது கேட்டு ஒலிக்கத்தான் போகிறது. பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் அட்டை எழுதவே தேவையில்லை. அவர் விரும்பியது பாட்டோடு சேர்ந்து தன் பெயரும் தன் ஊரும் பிறர் காதில் விழுவதை. சில நாள்களில் விரும்பிக் கேட்டவர்களின் பட்டியல் பாட்டின் முன்னிசையைவிட நீளமாக இருக்கும். அதை அலுப்பாக நினைத்தவர்கள் உண்டு. பெயர் வந்த வீட்டில் அது பண்டிகை.

இந்த ஆசைக்குப் பெயர்போன ஊர் ஜும்ரி தலையா. அன்று பிகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள, மைக்கா சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற சிறிய நகரம். அங்கிருந்து வந்து குவிந்த விருப்பக் கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, அப்படி ஓர் ஊரே இல்லை, வானொலிக்காரர்கள் கட்டிவிட்டது என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். சுரங்கத்தின் தாதுவால் தொழில் உலகுக்குத் தெரிந்திருந்த ஊரை, நாட்டின் கோடிக்கணக்கான வீடுகளுக்குத் தெரியவைத்தவை அஞ்சல் அட்டைகள்.

அறிவிப்பாளர்களும் தம் பங்குக்கு ஒரு மரபை நிலைநாட்டினார்கள். பாட்டுக்கு முன் அல்லது பின், படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள் என்ற வரிசை தவறாமல் வரும். விவித பாரதியின் ‘தேன் கிண்ணம்’ போன்ற நிகழ்ச்சிகளும் அதே வழியில் நடந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருவர்கூட, வயலிலோ நெசவுத் தறியிலோ வேலை செய்துகொண்டே அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு மருதகாசியின் வரிகளுக்கும் கு.மா. பாலசுப்பிரமணியத்தின் வரிகளுக்கும் வேறுபாடு சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார். எந்தப் பள்ளியும் நடத்தாத பாடம் இது. சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று சொன்னவர்கள், அதன் வழியே ஒரு நுண்ணிய ரசனை உருவாகிக்கொண்டிருந்ததைக் காணத் தவறிவிட்டார்கள்.

வானொலிக்கு வெளியே, ஊருக்கு ஊர் இருந்த மைக் செட்காரரைப் பற்றி ஆய்வுகள் போதிய அளவு வரவில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டி, இசைத்தட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர் அவர். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு முருகன், மாரியம்மன், பொழுது ஏற ஏற சினிமா, பந்தி நேரத்தில் துள்ளல், இரவில் பழைய காதல் பாட்டு என்று அவர் கையில் ஒரு நாளின் ஒழுங்கு இருந்தது. எந்த வீட்டு விசேஷத்தில் எந்த நடிகரின் பாட்டைப் போட்டால் சண்டை வரும் என்பதும் அவருக்குத் தெரியும். எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்று போட்டால் சிவாஜி பாட்டு ஒன்று போட்டே ஆக வேண்டிய ஊர்கள் இருந்தன. தமிழ்க் கிராமம் ஒன்றில் பக்திப் பாடல் கேசட்டுகள் ஒலிபெருக்கியில் எப்படி வழிபாட்டின் பகுதியாகின்றன என்று அமெரிக்க இசை ஆய்வாளர் பால் கிரீன் 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் பல்கலைக்கழகங்கள் அதைத் தொடர்ந்து மாவட்டம் மாவட்டமாகச் செய்திருக்க வேண்டும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், எண்பதுகளில் தமிழ்நாட்டின் கடைத்தெருக்களை நிறைத்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ‘கேசட் கல்ச்சர்’ என்ற நூலில், இந்திய இசைச் சந்தையில் ஒரே நிறுவனத்துக்கு இருந்த பிடியைக் கேசட் எப்படி உடைத்தது, வட்டார இசைகளுக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கும் எப்படி வழி திறந்தது என்று விரிவாகக் காட்டினார். அந்த நூலின் கவனம் பெரும்பாலும் வட இந்தியாவின் மேல். தமிழ்நாட்டில் கேசட்டின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ரெக்கார்டிங் சென்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேருந்து நிலையத்தை ஒட்டியோ சினிமாக் கொட்டகைக்கு எதிரிலோ பத்துக்குப் பத்து அளவில் ஒரு கடை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். கோடு போட்ட நோட்டில் கடைக்காரர் கைப்பட எழுதிய பாட்டுப் பட்டியல். வாடிக்கையாளர் அதைப் பார்த்தோ மனத்திலிருந்தோ ஒரு தாளில் தன் பட்டியலை எழுதிக் கொடுப்பார். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டுகள் என்றால் பக்கத்துக்கு ஆறுதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது பெரும் யோசனை. ‘அன்னக்கிளி’ (1976) பாட்டை வைத்தால் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) பாட்டுக்கு இடமிருக்காது. இரண்டும் வேண்டுமென்றால் புதுப் படப் பாட்டு ஒன்றைக் கைவிட வேண்டும். நாடா முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுபடாமல் இருக்க, கடைக்காரர் சின்னப் பாட்டு ஒன்றைச் சிபாரிசு செய்வார். அவர் சிபாரிசில் பலர் தாங்கள் கேட்டேயிராத பழைய பாட்டைக் கண்டடைந்தார்கள். வாங்கிய கேசட்டைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டவர் குறைவு. தங்கை கல்யாணத்துக்கு, வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அண்ணனுக்கு, சொல்லத் தயங்கிய காதலிக்கு என்று ஒவ்வொரு கேசட்டும் யாரோ ஒருவரை நினைத்துத் தொகுக்கப்பட்டது.

அந்தக் கடைகள் செய்தது சட்டப்படி உரிமை மீறல்தான். இசையமைப்பாளருக்கோ கவிஞருக்கோ அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை. சட்டப்படி விற்ற இசைத்தட்டிலிருந்தும் அவர்களுக்குப் பெரும்பாலும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரைப்பாடலின் முதல் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது 2012இல்தான். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் எத்தனையோ கவிஞர்கள் வறுமையில் போய்ச் சேர்ந்தார்கள்.

இனி, பழசும் புதுசும் ஒரே பட்டியலில் எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பார்க்கலாம். பாட்டு ரசனை பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு, மாரிஸ் ஹால்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் 1989இல் அமெரிக்காவில் வெளியிட்டது. 1932 முதல் 1986 வரையிலான 28 வெற்றிப் பாடல்களை, 16 வயதிலிருந்து 86 வயது வரையுள்ள 108 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். தமக்குச் சுமார் இருபத்துமூன்றரை வயதாக இருந்தபோது வெளிவந்த பாடல்களை மக்கள் அதிகமாக விரும்புகிறார்கள் என்பது முடிவு. எங்கள் காலத்துப் பாட்டைப் போல வருமா என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

இது பாதி உண்மை என்று காட்டியது 2013இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் சுப்னிக்குடன் சேர்ந்து செய்த ஆய்வு. 1955 முதல் 2009 வரை ஆண்டுதோறும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அமெரிக்கப் பாடல்களை, 20 வயதை ஒட்டிய கல்லூரி மாணவர்களுக்குப் போட்டார்கள். தங்கள் இளமைக் காலப் பாடல்களை மாணவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த எண்பதுகளின் தொடக்கப் பாடல்களிலும் அவர்களுக்குத் தெளிவான ஈடுபாடு இருந்தது. அது அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம். அறுபதுகளின் பாடல்களில் இன்னும் ஒரு சிறிய ஏற்றம் தெரிந்தது. அந்தப் பாடல்களின் தரமும் தாத்தா பாட்டியின் பாதிப்பும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆக, ஒரு பாட்டு அடுத்த தலைமுறைக்குப் போகும் முக்கியமான வழி வீடு. சமையலறை ரேடியோ, அப்பாவின் ஸ்கூட்டர் பயணம், அத்தை முணுமுணுக்கும் பல்லவி ஆகியவை கடத்துவதை எந்த விளம்பரமும் கடத்துவதில்லை.

தமிழ்த் திரையே இதற்குச் சான்று தந்திருக்கிறது. 2018இல் வெளிவந்த ‘96’ படத்தின் நாயகிக்கு ஜானகி தேவி என்று பெயர், எஸ். ஜானகியின் மேல் கொண்ட ரசனையால் வீட்டில் வைத்த பெயர். பள்ளிப் பருவத்தில் அவள் இளையராஜாவின் பாடல்களைப் பாடுகிறாள். ஒருவன் ஒவ்வொரு முறையும் ‘தளபதி’ (1991) படத்தின் ஒரே பாட்டைக் கேட்கிறான். அந்தப் பாட்டை மட்டும் அவள் பாடுவதில்லை. பல ஆண்டு கழித்துத்தான் பாடுகிறாள். இருவருக்கு இடையே நடக்கும் நேயர் விருப்பம் அது. கோவிந்த் வசந்தாவின் புதிய பாடல்களும் இளையராஜாவின் பழைய பாடல்களும் அந்தப் படத்தில் ஒன்றையொன்று குறைக்காமல் நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும். புதியவர் பழையவருக்கு மரியாதை செய்தபடியே தன் குரலில் பேச முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணங்களில் இதையே முதலில் சொல்வேன்.

2024இல் வந்த மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, ‘குணா’ (1991) படத்துக்காக வாலி எழுதி, கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டை அந்தப் பாட்டுக்கு உரிய குகையிலேயே மீண்டும் ஒலிக்கவைத்தது. 33 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பாட்டைக் கேரளத்துப் பிள்ளைகள் பாடினார்கள். கூடவே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீசும் போனது. பழைய பாட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு அது காணிக்கை. படைத்தவருக்கு அது தன் உடைமை. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்றாலும், அனுமதி கேட்பது காணிக்கையைக் குறைத்துவிடாது என்பதே என் கருத்து. இன்னோர் எடுத்துக்காட்டு மனத்தை வருத்துவது. ‘அசுரன்’ (1995) படத்தின் துள்ளல் பாட்டு ஒன்று ‘விக்ரம்’ (2022) படத்தின் சண்டைக் காட்சியில் ஒலித்து, இளைஞர்களிடையே மீண்டும் பெரும் வெற்றி பெற்றது. அதற்கு இசையமைத்த ஆதித்யன் 2017இலேயே மறைந்துவிட்டார். பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கூட்டத்தின் கணக்கை நம்பி ரசனையை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. மாத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள். இணையம் வழியாகப் பங்கேற்றவர்கள் 14,341 பேர். அவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். சில உலகங்களில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண் தெரியும். ஓர் உலகத்தில் தெரியாது. எண் தெரிந்த இடங்களில் வெற்றி தோல்வியின் இடைவெளி பெரிதானது. ஓர் உலகத்தில் முன்னணியில் இருந்த பாட்டு இன்னோர் உலகத்தில் பின்தங்கியது. மிகச் சிறந்தவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. இடையில் இருந்தவற்றின் தலைவிதியை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இந்த ஆய்வைப் படித்தபின் பார்வை எண்ணிக்கையை வைத்துப் பாட்டை அளப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உங்களை அறிந்த ஒருவர், இது உனக்குப் பிடிக்கும் என்று சொல்லித் தரும் ஒரு பாட்டுக்கு நான் அதைவிட அதிக மதிப்புத் தருவேன்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் பெரிய நன்மை செய்திருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். முன்பு ஓர் இசைத்தட்டுக்காக மூர் மார்க்கெட்டில் அலைந்தவர்கள் தேடிய பாட்டு இன்று பள்ளி மாணவியின் கையில் இருக்கிறது. ஆனால் அறிவிப்பாளர் சொன்ன நான்கு பெயர்களில் பாடலாசிரியர் பெயர் அந்தத் திரையில் பெரும்பாலும் முன்னால் தெரிவதில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து, 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இசையமைத்த பாடல்களில் ராமமூர்த்தியின் பெயர் பல இடங்களில் விடுபட்டு, விஸ்வநாதன் மட்டும் நிற்கிறார். பழைய பாட்டு என்றாலே கண்ணதாசன் என்று எழுதிவிடும் பழக்கத்தால் மருதகாசியும் தஞ்சை ராமையாதாஸும் தங்கள் வரிகளை இழந்து நிற்கிறார்கள். கண்ணதாசனுக்கும் இது பெருமை சேர்ப்பதல்ல. அன்று அரசு வானொலி படத்தின் பெயரை மறைத்தது. இன்று எழுதியவரின் பெயர் மறைகிறது.

இந்த இழப்பைத் தடுத்து நிறுத்தியவர்கள் நிறுவனங்கள் அல்லர், ரசிகர்கள். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ இந்தித் திரைப்பாடல்களைப் பத்தாண்டு பத்தாண்டாகத் தொகுத்து ‘ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்’ என்ற தொகுதிகளை உருவாக்கினார். தமிழில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் படங்களின் விவரங்களைச் சேகரித்தார். வாமனன் ‘திரை இசை அலைகள்’ வரிசையில் மறந்துபோன கலைஞர்களைத் தேடிப்போய் எழுதினார். வி.ஏ.கே. ரங்காராவின் வீட்டில் உள்ள கிராமஃபோன் இசைத்தட்டுகளைப் பார்க்காமல் தென்னிந்தியத் திரையிசை வரலாற்றை யாரும் நேர்மையாக எழுத முடியாது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்தவை இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அங்கே ஆவணமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டு உறைகள், கைப்பட எழுதிய கேசட் அட்டைகள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அந்த நூலகத்துக்கோ உங்கள் ஊர்க் கல்லூரிக்கோ சொல்லி அனுப்புங்கள். அடுத்து யாருக்காவது ஒரு பாட்டை அனுப்பும்போது சுட்டியை மட்டும் தட்டிவிடாமல் படம், ஆண்டு, இசை, பாட்டு எழுதியவர், பாடியவர்கள் என ஐந்து விவரங்களையும் அதன் கீழே எழுதுங்கள். தெரியாவிட்டால், வீட்டில் ரேடியோ கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.